இசை இதழுக்குப் பக்கம் போடுவது: மலை வாசகர்கள் கேட்டவை

பாடுகிறவர்களும் கேட்கிறவர்களும் சேர்ந்து கைக்காசில் நடத்தும் சின்ன இசை இதழ்களைப் பற்றிச் சென்ற மாதம் எழுதியிருந்தோம். நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, எழுதுவது பற்றி அல்ல, பக்கம் போடுவது பற்றித்தான் கேட்கின்றன. ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிவிட்டுப் பதில் தருகிறோம்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு இசை இதழ் கொண்டுவர நினைக்கிறோம். பிரஸ்ஸுக்குப் போக வசதியில்லை, ஜெராக்ஸ் கடைதான். எந்த அளவு, எத்தனை பக்கம், எதிலிருந்து தொடங்க வேண்டும்?
– கல்லூரி மாணவர்கள், குன்னூர்

ஜெராக்ஸ் என்றால் ஏ5 அளவை விட்டு நகராதீர்கள். ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5. தாள் வீணாகாது, எந்தக் கடையிலும் கிடைக்கும். உள்ளே 24 பக்கம், அட்டை 4 பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பின் அடிக்கும் இதழில் பக்க எண்ணிக்கை 4-ஆல் வகுபட்டே ஆக வேண்டும். 22 பக்கத்துக்குத்தான் மேட்டர் இருக்கிறது என்றால் இரண்டைக் கூட்டுங்கள் அல்லது இரண்டை வெட்டுங்கள். வேறு வழி கிடையாது.

கணினியில் உட்காருவதற்கு முன் ஒரு டம்மி செய்யுங்கள். ஆறு ஏ4 தாளை அடுக்கி மடித்து, பென்சிலால் 1 முதல் 24 வரை எண் போடுங்கள். பிரித்துப் பார்த்தால் வெளித்தாளின் ஒரு முகத்தில் 24-ம் 1-ம், மறுமுகத்தில் 2-ம் 23-ம் இருக்கும். அடுத்த தாளில் 22, 3. பின்னால் 4, 21. எந்தத் தாளை எடுத்தாலும் அக்கம்பக்கமாக இருக்கும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 25. (28 பக்க இதழ் என்றால் 29.) கூட்டிப் பார்த்து 25 வரவில்லை என்றால் அந்தத் தாள் தப்பு. கடைக்காரரிடம் 'குட்டை விளிம்பில் திருப்பி அடியுங்கள்' என்று சொல்ல மறக்காதீர்கள். நீள விளிம்பில் திருப்பினால் பின்பக்கமெல்லாம் தலைகீழாக வரும். முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, மடித்து, புரட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் நூறுக்குச் சொல்லுங்கள்.

டம்மி இன்னொரு விஷயத்தையும் கண்ணுக்குக் காட்டும். ஒரே தாளில் முழுசாக விரியும் இரட்டைப் பக்கம் 12, 13 மட்டும்தான். மற்ற இரட்டைப் பக்கங்கள் எல்லாம் இரண்டு வெவ்வேறு தாள்கள். 8-லிருந்து 9-க்குப் படத்தை நீட்டினால் மடிப்பில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகி, கிதாரின் கழுத்து உடைந்த மாதிரி தெரியும். போஸ்டரோ பெரிய படமோ போடுவதாக இருந்தால் நடுப்பக்கத்துக்குத்தான். வெளிநாட்டுச் சின்ன இதழ்களில் நடுப்பக்கப் போஸ்டர் வழக்கமானதற்கும் இதுவே காரணம். பின்னைத் தூக்கிக் கழற்றி எடுக்கலாம், படிக்கிற பகுதி கெடாது. ஆனால் அந்தத் தாளின் பின்பக்கமான 11-ம் 14-ம் போஸ்டரோடு போய்விடும் என்பதால், அங்கே பேட்டியை வைக்காமல் விளம்பரமோ நிகழ்ச்சி அறிவிப்போ வையுங்கள்.

ஓரங்கள்: ஜெராக்ஸ் இயந்திரம் தாளின் விளிம்பில் 4, 5 மி.மீ. அச்சிடாது. விளிம்பு வரை கறுப்பு ஓட வேண்டும் என்று அடம்பிடித்தால் வெள்ளைக் கோடுதான் கிடைக்கும். உள் ஓரம் 14 மி.மீ., வெளி ஓரம் 12, மேலே 14, கீழே 18. மடித்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகும்போது உள்தாள்கள் வெளியே தள்ளும். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாளில் 24 பக்கத்துக்கு அரை மி.மீ. தாண்டும், 40 பக்கம் போனால் 1 மி.மீ.-க்கு மேல். பக்க எண்ணை வெளி ஓரத்தில் ஒட்டவைத்துவிட்டு, கடைசியில் கட்டிங் மெஷினில் 3 மி.மீ. வெட்டினால் நடுப்பக்கங்களின் எண் பாதியாக நிற்கும். எண்ணைக் கீழ் நடுவில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பின்: சாதாரண ஸ்டேப்ளரின் கை நடு மடிப்பு வரை எட்டாது. நீளக்கை ஸ்டேப்ளர் கிடைக்காவிட்டால், விரித்த இதழை அட்டை மேல் பார்க்க ஒரு தெர்மோகோல் பலகையில் வைத்து, ஸ்டேப்ளரை முழுக்கத் திறந்து மேலிருந்து அழுத்துங்கள். திருப்பிப் போட்டு, கால்களைக் கரண்டிக் காம்பால் மடக்கிவிடுங்கள். மேலிருந்து 5 செ.மீ., கீழிருந்து 5 செ.மீ., இரண்டு பின் போதும்.

கேள்வி: வெளிநாட்டு பங்க் ராக் இசை இதழ்களைப் பார்த்தால் கிழித்து ஒட்டியது போல இருக்கின்றன. பார்க்க ஆசையாக இருக்கிறது. தமிழில் அந்தப் பாணி எடுபடுமா?
– வாசகர், உதகை

எடுபடும். ஆனால் அது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். 1976-ல் லண்டனில் மார்க் பெர்ரி தொடங்கிய 'ஸ்னிஃபின் க்ளூ' தட்டச்சு செய்த பக்கங்களையும் ஸ்கெட்ச் பேனாத் தலைப்புகளையும் ஜெராக்ஸ் எடுத்து ஒரு மூலையில் பின் அடித்த தாள்கள். கையில் இருந்தது அவ்வளவுதான், அதையே மறைக்காமல் காட்டினார்கள். பிற்பாடு அதுவே பாணி ஆயிற்று. இதற்கு நேர்மாறாக, 1992-ல் அமெரிக்காவில் வந்த 'ரே கன்' இதழில் டேவிட் கார்சன் கணினியில் திட்டமிட்டுச் சிதைத்தார். பாடகர் பிரையன் ஃபெர்ரியின் பேட்டி சலிப்பூட்டுகிறது என்று அதை முழுக்கக் குறியீடுகள் மட்டுமே உள்ள ஃபான்ட்டில் அடுக்கினார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள்: அதே இதழின் பின்பகுதியில் அந்தப் பேட்டி படிக்கும் எழுத்திலும் அச்சாகியிருந்தது. கலைத்துப் போட்டவருக்கும் படிக்க ஒரு வழி விட வேண்டியிருந்தது.

உங்களுக்கு எங்கள் யோசனை: தலைப்பு, அட்டை, ஓரக்குறிப்பு ஆகியவற்றில் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடுங்கள். பேட்டியும் விமர்சனமும் நேரான பத்தியில் இருக்கட்டும்.

கத்தரித்து ஒட்டும்போது தமிழில் கவனிக்க வேண்டியது, எழுத்துத் துணுக்கு. ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தாக வெட்டலாம். தமிழில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. தனித்தனியாக வெட்டி வேறு வேறு அளவில் ஒட்டினால், வாசகர் 'கெ' என்றும் 'ர' என்றும் பிரித்துப் படிப்பார். உயிர்மெய்யை முழுசாக, ஒரே துண்டாக வெட்டுங்கள். புள்ளியைத் துண்டிக்காமல் மேலே 2 மி.மீ. வெள்ளை விட்டு வெட்டுங்கள். நாளிதழ் விளம்பரங்களில் 36 பாயிண்ட்டுக்கு மேல் இருக்கும் எழுத்துகளைப் பழைய டப்பாவில் சேர்த்து வைத்தால் தலைப்புக்கு அலைய வேண்டாம்.

ஒட்டியதை ஜெராக்ஸ் எடுத்தால் துண்டுகளின் ஓரத்தில் சாம்பல் நிழல் விழும். அது பிடித்திருந்தால் விட்டுவிடலாம். வேண்டாம் என்றால் விளிம்புகளில் வெள்ளைத் திருத்த மையைத் தடவி, முழுக்கக் காய்ந்த பிறகு, இயந்திரத்தின் கருமையை ஒரு படி குறைத்து எடுங்கள். கோந்துக்குப் பதில் பசைக்குச்சி பயன்படுத்தினால் தாள் நெளியாது. அளவுக் கோடுகளை வெளிர் நீலப் பென்சிலால் போடுங்கள், கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் பெரும்பாலும் விழாது. பிரதியிலிருந்து பிரதி எடுக்காதீர்கள். மூன்றாவது தலைமுறையில் ண, ஞ, ஜ எல்லாம் உள்ளே அடைத்துக்கொண்டு கறுப்புக் கட்டியாகிவிடும். மூலத்தைத் தனி உறையில் பத்திரமாக வைத்து, எப்போதும் அதிலிருந்தே எடுங்கள்.

கேள்வி: பாட்டு வரிகளுக்கு மேல் கிதார் கார்டுகளை ('ஏ மைனர்' போன்ற சுரக்கூட்டுக் குறிகளை) ஆங்கில எழுத்தில் போட்டு டிடிபி சென்டரில் கொடுத்தோம். திரும்பி வந்தபோது கார்டு எல்லாம் தமிழ் எழுத்தாக மாறியிருந்தது. வரிக்கு மேல் இருந்த இடமும் நகர்ந்துவிட்டது. ஏன்?
– வாசகி, கோத்தகிரி

அவர்கள் உங்கள் யூனிகோட் தமிழைப் பாமினி போன்ற பழைய ஃபான்ட்டுக்கு மாற்றியிருப்பார்கள். அந்தப் பழைய ஃபான்ட்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கின்றன. தமிழ் மாறும்போது சரியாக மாறும். நடுவே இருக்கும் ஆங்கில எழுத்தும் அதே ஃபான்ட்டில் விழுந்து தமிழாகத் தெரியும். 'ஏ மைனர்' கார்டுக்கு ஆங்கிலத்தில் போடும் இரண்டாவது எழுத்தான சின்ன 'எம்' பாமினியில் 'அ'. உங்கள் பக்கத்தில் ஊர்ப்பட்ட 'அ'க்கள் நின்றிருக்குமே, அவை அத்தனையும் மைனர் கார்டுகள்.

நல்ல வழி, யூனிகோடிலேயே கடைசிவரை போவது. பக்கம் போடும் மென்பொருளான இன்டிசைனில் பாரா அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஆபரேட்டர்கள் 'யூனிகோட் வேலை செய்யாது' என்று சொல்வதில் பாதி இந்த ஒரு அமைப்பைத் தொடாததால்தான். இலவச மென்பொருள் வேண்டுமென்றால் ஸ்கிரைபஸ் 1.6 தமிழைச் சரியாகக் கோக்கிறது. கடையில் வேர்டு கோப்பைக் கொடுக்காதீர்கள். அவர்கள் கணினியில் உங்கள் ஃபான்ட் இல்லாவிட்டால் பக்கமே ஓடிவிடும். ஃபான்ட் உள்ளே பதிந்த பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். கொடுக்குமுன் பிடிஎஃப்பை 400 சதவீதம் பெரிதாக்கி, கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ வரும் இடங்களைப் பாருங்கள். கோளாறு இருந்தால் அங்கேதான் முதலில் தெரியும்.

பழைய ஃபான்ட்டை விட்டால் வழியில்லாத பிரஸ் என்றால், கார்டுகளுக்கு ஒரு தனி எழுத்துப் பாணி வகுத்து, மாற்றிய பிறகு அவற்றுக்கு மட்டும் ஆங்கில ஃபான்ட்டைத் திரும்பப் பூசச் சொல்லுங்கள். மெய்ப்பை நீங்களே உட்கார்ந்து பாருங்கள். கிதார் தெரியாத ஆபரேட்டருக்குப் பிழை பிழையாகத் தெரியாது, அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கார்டின் இடம் நகர்ந்தது வேறு காரணத்தால். இடைவெளிப் பட்டையைத் தட்டித் தட்டி இடம் பிடித்திருப்பீர்கள். ஃபான்ட்டோ அளவோ மாறினால் இடைவெளியின் அகலமும் மாறும். ஒவ்வொரு வரிக்கும் கோடில்லாத இரண்டு வரிசை அட்டவணை போடுங்கள். மேல் வரிசையில் கார்டு, கீழ் வரிசையில் அந்தக் கார்டு தொடங்கும் அசையிலிருந்து அடுத்த கார்டு வரையிலான சொற்கள். அட்டவணை சோம்பலாக இருந்தால் டேப் நிறுத்தங்கள். கார்டு 8 பாயிண்ட் தடித்த எழுத்து, பாட்டு 10.5, கார்டுக்கும் அதன் கீழ்வரிக்கும் இடையே குறைந்த இடம், அடுத்த ஜோடிக்கு முன் அதைவிட இரண்டு மடங்கு இடம். இது நேர்மாறானால் வாசிப்பவர் கார்டை மேல்வரிக்கு உரியதாக நினைப்பார்.

கேள்வி: எந்தத் தமிழ் ஃபான்ட்?
– வாசகர், கூடலூர்

உடல் எழுத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது முக்தா மலர். தலைப்புக்கு அனேக் தமிழ்: ஒல்லியிலிருந்து தடிமன் வரை, ஒடுக்கத்திலிருந்து அகலம் வரை ஒரே குடும்பத்தில் இருக்கிறது. நீளமான பாண்டு பெயர்களுக்கு ஒடுங்கிய வடிவம் கைகொடுக்கும். பலூ தம்பி உருண்டையாக, சிறுவர் இதழ் போல இருக்கும், மெட்டல் பாண்டுக்குச் சிரிப்பு வரும். இவை எல்லாம் திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பவை, அச்சிட யாருக்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. ஒரு இதழுக்கு இரண்டு குடும்பம் போதும்.

கேள்வி: பேட்டி, விமர்சனம், நிகழ்ச்சிப் பட்டியல் எல்லாம் கையில் இருக்கிறது. எது எங்கே, எத்தனை பத்தியில் வர வேண்டும்? ஆங்கில இதழ்களில் உள்ள ஒழுங்கை அப்படியே எடுக்கலாமா?
– இதழ் தொடங்கவிருக்கும் நண்பர்கள், கொடைக்கானல்

வரிசையை எடுக்கலாம், பத்தியை எடுக்கக் கூடாது.

வரிசை பழகிய ஒன்று: அட்டையின் உட்புறத்தில் ஆசிரியர் குழு, முகவரி, விலை. 1-ல் உள்ளடக்கம். அடுத்து ஒரு பக்கத் தலையங்கம், கடிதங்கள், துணுக்குச் செய்திகள். நடுவில் நீண்ட பேட்டிகள். பின்பாதியில் விமர்சனங்கள், கடைசியில் நிகழ்ச்சிப் பட்டியல். பின்னட்டை விளம்பரத்துக்கு, ஏனென்றால் அதற்குத்தான் அதிகக் காசு கேட்கலாம். வர்க்கிக் கடை விளம்பரமானாலும் சரி. வாசகர் புரட்டும் வேகத்துக்கு இந்த அடுக்கு பொருந்துவதால்தான் நிலைத்திருக்கிறது. பட்டியலைக் கடைசியில் வைப்பதில் ஒரு நடைமுறை லாபம் உண்டு: நிகழ்ச்சித் தேதி அடிக்கடி மாறும். ஒரு தாளின் அச்சைக் கடைசி நாள் வரை நிறுத்திவைத்துவிட்டு மற்றதை முடித்துவிடலாம்.

பெருநகரத்தில் இருந்தால்தான் இதெல்லாம் முடியும் என்று கடிதத்தில் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். இந்திய ராக் இசை இதழான 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' 1993-ல் தொடங்கியது அலகாபாத்தில்.

பத்திக்கு வருவோம். 1982-லிருந்து வந்த 'மேக்ஸிமம் ராக் அண்ட் ரோல்' போன்ற கறுப்பு வெள்ளை இதழ்களில் ஒடுங்கிய பத்திகளில் பொடி எழுத்து நெருக்கியடித்து நிற்கும். ஆங்கிலச் சொற்கள் குட்டை, அதனால் தாங்கும். தமிழில் 'நிகழ்த்திக்கொண்டிருந்தவர்களிடமிருந்து' என்று ஒரே சொல் வரி முழுவதையும் எடுத்துக்கொள்ளும். ஏ5-ல் இரண்டு பத்தி போட்டால் ஒவ்வொன்றும் 58 மி.மீ.; 10 பாயிண்ட்டில் வரிக்கு மூன்று சொல் வந்தால் அதிகம். இருபுறமும் சமமாக்கினால் சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக வெள்ளை. ஆகவே ஏ5-க்கு ஒற்றைப் பத்தி, 122 மி.மீ., 10 பாயிண்ட் எழுத்து, 15 பாயிண்ட் வரி இடைவெளி. ஆங்கிலத்துக்குப் போடும் 12 பாயிண்ட் இடைவெளி தமிழுக்குப் போதாது, 'கூ' வின் வாலும் கீழ்வரி 'கீ' யின் சுழியும் இடித்துக்கொள்ளும். இந்தக் கணக்கில் ஒரு பக்கத்துக்கு 33 வரி, ஏறக்குறைய 200 சொல். கட்டுரை கேட்கும்போதே எழுதுபவரிடம் இதைச் சொல்லிவிட்டால் பிறகு வெட்டும் சண்டை இல்லை. ஏ4 என்றால் மூன்று பத்தி வேண்டாம், இரண்டு.

பட்டியலுக்கும் துணுக்குகளுக்கும் மட்டும் குறுகிய பத்தி போடலாம், அங்கே இடப்பக்கம் மட்டும் நேராக்கி வலப்பக்கத்தை விட்டுவிடுங்கள். சொல்லை மென்பொருள் தானாக உடைப்பதை அணைத்துவைத்து, தேவைப்பட்டால் கையால் உடையுங்கள். புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வரக் கூடாது, அது ஒன்றே விதி.

விமர்சனத் தலைப்பில் ஒழுங்கு முக்கியம்: கலைஞர் பெயர் தடித்த எழுத்தில், அடுத்து ஆல்பத்தின் பெயர், அடைப்புக்குள் வெளியீட்டு நிறுவனம் அல்லது 'சொந்த வெளியீடு', வடிவம், ஆண்டு. முடிவில் எழுதியவரின் முதலெழுத்து. ஆங்கிலத்தில் ஆல்பத்தைச் சாய்வெழுத்தில் போடுவது மரபு. தமிழுக்குச் சாய்வெழுத்து மரபு கிடையாது, கணினியில் வலுக்கட்டாயமாகச் சாய்த்தால் 'ழ'வும் 'ண'வும் சரிந்து விழுகிற மாதிரி தெரியும். ஆல்பத்துக்குத் தடித்த எழுத்து, பாட்டுக்கு ஒற்றை மேற்கோள் என்று முதல் இதழிலேயே முடிவு செய்து, ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நட்சத்திர மதிப்பெண் வேண்டாம் என்பது எங்கள் கட்சி. மலையில் பாண்டுகள் விரல்விட்டு எண்ணக் கூடியவை, விமர்சகரும் டிரம்மரும் ஒரே பஸ்ஸில் ஊருக்குப் போகிறவர்கள். இரண்டரை நட்சத்திரத்துக்கு விளக்கம் கேட்பார்கள். 150 சொல்லில் என்ன கேட்டது என்று எழுதினால் வாசகரே முடிவுசெய்வார்.

பேட்டியில் கேள்வி தடித்த எழுத்து, பதில் சாதா. பெயரின் முதலெழுத்தை ஒவ்வொரு பதிலுக்கும் போடுவது, மூன்று பேருக்கு மேல் பேசும்போது மட்டும். பெரிதாக எடுத்துக் காட்டும் வாக்கியம் அந்தப் பக்கத்திலேயே வருவதாக இருக்கக் கூடாது. அடுத்த பக்கத்திலிருந்து எடுத்தால் புரட்டுவார்கள்.

கேள்வி: எங்கள் நிகழ்ச்சிப் படங்கள் திரையில் அருமை. ஜெராக்ஸில் கறுப்புத் திட்டு. என்ன செய்வது?
– வாசகர், வெலிங்டன்

மேடையில் நீல, சிவப்பு எல்இடி விளக்கு. அதை அப்படியே கறுப்பு வெள்ளையாக்கினால் முகம் போய்விடும். படத்தின் மூன்று நிறத் தளங்களையும் தனித்தனியாகப் பாருங்கள். நீல வெளிச்சத்தில் எடுத்ததென்றால் சிவப்புத் தளத்தில் ஒன்றுமே இருக்காது, நீலத்திலும் பச்சையிலும் முகம் இருக்கும். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்புத் தளம் வெளுத்துப்போயிருந்தால் பச்சையைப் பாருங்கள். எதில் கண்ணும் மூக்கும் தெரிகிறதோ அதை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள்.

அடுத்து இடைநிறங்களை, அதாவது சாம்பல் பகுதிகளை, வெளிச்சமாக்குங்கள். தாளில் மை பரவும், திரையைவிட எப்போதும் கருமையாகத்தான் விழும். திரையில் 'கொஞ்சம் வெளுத்துவிட்டதோ' என்று தோன்றும் அளவே தாளுக்குச் சரி. பிரஸ்ஸில் பூச்சில்லாத மேப்லித்தோத் தாளில் அடிப்பதென்றால் மிகக் கறுத்த இடம் 90, 95 சதவீதத்தைத் தாண்டாமல் நிறுத்துங்கள்.

ஜெராக்ஸுக்கு இன்னும் ஒரு படி: படத்தை நீங்களே புள்ளிகளாக மாற்றிவிடுங்கள். ஃபோட்டோஷாப்பிலும் கிம்ப்பிலும் இந்த வசதி உண்டு. அங்குலத்துக்கு 60 முதல் 75 வரிப் புள்ளி, 45 டிகிரி சாய்வு, கோப்பு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி). அச்சிடும் அளவிலேயே செய்ய வேண்டும். செய்த பிறகு பெரிதாக்கவோ சிறிதாக்கவோ செய்தால் படம் முழுக்க அலையலையாகக் கட்டம் விழும். பழைய இசை இதழ்களில் பார்க்கும் பெரும்புள்ளிப் படங்கள் அழகுக்காக மட்டும் அப்படி இல்லை. சாம்பல் நிறத்தை இயந்திரம் விழுங்கிவிடும், கறுப்புப் புள்ளியை விழுங்காது.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படத்தின் நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவில்தான் இருக்கும். 300 டிபிஐ-யில் அது 13.5 செ.மீ. ஏ5 முழுப்பக்கத்துக்கு, வெட்டும் ஓரம் 3 மி.மீ. சேர்த்து 1819-க்கு 2551 பிக்சல் வேண்டும். படம் எடுத்தவரிடம் 'டாக்குமென்ட்டாக அனுப்பு' என்று சொல்லுங்கள். அவர் பெயரைப் படத்தின் ஓரத்தில் 6 பாயிண்ட்டில் போடுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் கேள்வித்தாள் அடிக்கும் ரிசோ இயந்திரத்தில் இரண்டு நிறத்தில் இதழ் அடித்தோம். மை கையில் ஒட்டுகிறது, தாள் சுருள்கிறது, இரண்டு மாதத்தில் பின் துருப்பிடித்துவிட்டது.
– ஆசிரியர், பண்ணைக்காடு

மூன்றுக்கும் தனித்தனிக் காரணம், ஆனால் பனிமூட்டம் மூன்றிலும் கூட்டாளி.

ரிசோ மை சூட்டில் உருகி ஒட்டுவதல்ல, தாளுக்குள் ஊறி நிற்பது. வழுவழுப்பான ஆர்ட் பேப்பரில் ஊறாது, ஆறு மாதமானாலும் விரலில் வரும். 90 முதல் 120 ஜிஎஸ்எம் வரை பூச்சில்லாத மேப்லித்தோத் தாளே அதற்கு உரியது. அதிலும் முழுக்கறுப்பாக நிரப்பாமல் 70, 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். முதல் நிறம் அடித்ததை உடனே இரண்டாம் நிறத்துக்கு விட்டால் உருளை மையை எடுத்து அடுத்த தாளில் தேய்க்கும், ஒரு நாள் ஆறவிடுங்கள். இரண்டு நிறமும் கச்சிதமாகப் பொருந்தாது, 1 முதல் 2 மி.மீ. விலகும். அதற்கேற்ப வடிவமையுங்கள்: ஒரு நிறத்துக்குள் இன்னொன்றை ஓட்டை வெட்டிப் பொருத்தாமல், ஒன்றின் மேல் ஒன்றாக விழவிடுங்கள். உடல் எழுத்து எப்போதும் ஒரே நிறத்தில்.

சுருள்வது தாளின் இழையோட்டத்தால். தாளுக்கு நீளவாக்கு, அகலவாக்கு என்று இழை ஓடும் திசை உண்டு. ஏ4 ரீம் பெரும்பாலும் நீளவாக்கு. அதை ஏ5 ஆக மடிக்கும்போது இழைக்குக் குறுக்கே மடிப்பு விழுகிறது, மடிப்பு வெடிக்கும், ஈரத்தில் பக்கம் வளையும். சோதிப்பது சுலபம்: ஒரு தாளைக் கிழியுங்கள். நேராகக் கிழியும் திசைதான் இழை. பெரிய தாளாக வாங்கி, மடிப்புக்கு இணையாக இழை வரும்படி கட்டிங்கில் வெட்டிக்கொள்ளலாம். மதுரையிலோ திண்டுக்கல்லிலோ வாங்கிய ரீமை மலைக்குக் கொண்டுவந்ததும் பிரிக்காதீர்கள். அச்சிடும் அறையிலேயே ஒரு நாள் உறையோடு வைத்து, அடிக்கும் நேரத்தில் பிரியுங்கள். மிச்சத்தை மறுபடி சுற்றிவையுங்கள். உங்கள் பக்கம் அக்டோபர், நவம்பர் மழை மாதங்கள், பிப்ரவரி, மார்ச் மாதங்களை அச்சுக்கு வைத்துக்கொள்வது நிம்மதி.

துருவுக்கு, துத்தநாகப் பூச்சுள்ள பின் கொஞ்சம் தாங்கும். நூறு பிரதிக்குள் என்றால் நூலால் தைத்துவிடுங்கள். நடு மடிப்பில் மூன்று துளை: நடுவில் ஒன்று, அதிலிருந்து மேலும் கீழும் 7 செ.மீ. தள்ளி ஒவ்வொன்று. ஒரு இதழுக்கு 50 செ.மீ. நூல். நடுத்துளையில் உள்ளிருந்து வெளியே வந்து, மேல்துளையில் உள்ளே போய், நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே வந்து, நடுத்துளை வழியே திரும்ப உள்ளே வந்து, உள்ளே ஓடும் நீளநூலின் இருபுறமும் நுனிகளைப் பிடித்து முடிச்சு. ஊசி குத்துவதற்கு முன் குத்தூசியால் துளை போட்டால் தாள் கிழியாது.

நீலகிரி வாசகர்களும் ஈரம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பாலிதீன் உறை நினைப்பே வேண்டாம், மாவட்டத்தில் தடை இருக்கிறது. காக்கித் தாளில் கட்டிப் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள்.

கேள்வி: படுகர்களின் திருவிழாவான ஹெத்தை ஹப்பப் பாடல்களைப் படுகு மொழியிலும் தமிழ்ப் பொருளோடும் வெளியிட நினைக்கிறோம். நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர் இசைக்கலைஞர்களின் படங்களும் உண்டு. பக்கத்தை எப்படி அமைக்கலாம்?
– வாசகி, கோத்தகிரி பக்கத்து ஹட்டி

மூலத்தை இடப்பக்கத்திலும் பொருளை வலப்பக்கத்திலும் வையுங்கள், ஒரே பக்கத்தில் இரண்டு பத்தியாக நெருக்க வேண்டாம். இரண்டுக்கும் வரி ஒன்றுக்கு ஒன்று நேராக நிற்க, இரு பக்கத்துக்கும் ஒரே 15 பாயிண்ட் வரி இடைவெளி. மூலம் 11 பாயிண்ட், பொருள் 9. ஐந்து வரிக்கு ஒரு சின்ன எண். தமிழ் எழுத்தில் க, ட, ப ஒலிகளின் அழுத்த வேறுபாடு தெரியாது என்பதற்காக வரிக்குள் எண்ணும் கோடும் சேர்த்தால் பாடுகிறவருக்கு இடைஞ்சல். பாட்டின் அடியில் ஐந்தாறு வரியில் ஒலிக்குறிப்பு கொடுங்கள், க்யூஆர் குறியில் பாட்டையே கேட்கக் கொடுங்கள்.

கோத்தர் படங்களில் 'பழங்குடிக் கலைஞர்கள்' என்று மொத்தமாக ஒரு வரி போடும் கெட்ட பழக்கம் நம் பத்திரிகைகளில் இருக்கிறது. பாண்டுக்கு எப்படி இடமிருந்து வலமாகப் பெயரும் வாத்தியமும் போடுகிறோமோ, அதே போல 'கொள்' என்னும் குழல் வாத்தியம் ஊதுபவர், கொம்பு ஊதுபவர், தப்பட்டை அடிப்பவர் என்று பெயரோடு போடுங்கள். சடங்கில் எடுத்த படம், ஒலிப்பதிவு என்றால் ஊர்ப் பெரியவர்களின் சம்மதம் வாங்காமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள். சில வாசிப்புகள் அந்தச் சமயத்துக்கு மட்டும் உரியவை. அவர்கள் வேண்டாம் என்றால் அந்தப் பக்கம் வேறு மேட்டருக்கு.

கேள்வி: க்யூஆர் குறி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?
– வாசகர், அருவங்காடு

20 மி.மீ.-க்குக் குறையாமல், சுற்றிலும் நான்கு கட்டம் அளவுக்கு வெள்ளை விட்டு. வெள்ளையில் கறுப்பாக மட்டும். ரிசோவின் இளஞ்சிவப்பிலோ மஞ்சளிலோ அடித்தால் போன் படிக்காது. இணைப்பு நீளமானால் கட்டங்கள் பொடியாகும், ஆகவே சுருக்கிய முகவரி கொடுங்கள். மடிப்பிலிருந்து 2 செ.மீ. தள்ளி வையுங்கள். பிழைதிருத்த அளவைக் குறியில் சுமார் 15 சதவீதச் சேதம் வரை தாங்கும் 'எம்' நிலையில் வையுங்கள், ஜெராக்ஸ் என்றால் 25 தாங்கும் 'க்யூ'. சிக்னல் இல்லாத வளைவுகள் மலையில் ஏராளம் என்பதால் குறிக்கு அடியில் பாட்டின் பெயரையும் கலைஞர் பெயரையும் எழுத்தில் கொடுங்கள், வீட்டுக்குப் போய்த் தேடிக்கொள்வார்கள்.

கேள்வி: இதழுக்குப் பதிவு வேண்டுமா?
– வாசகர், உதகை

பொதுச் செய்தியோ அதைப் பற்றிய கருத்தோ தாங்கி, குறித்த இடைவெளியில் வருவது என்றால் வேண்டும். 1867-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023-ம் ஆண்டுப் பத்திரிகைகள் பதிவுச் சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. விண்ணப்பம் 'பிரஸ் சேவா' தளத்தில். ஒரே முறை கொண்டுவரும் மலர் புத்தகக் கணக்கில் சேரும். எதுவானாலும் அச்சிட்ட இடம், வெளியிடுபவர் பெயர் உள்ளே இருக்கட்டும்.

கேள்வி: அலமாரியில் தெரியும்படி முதுகில் இதழின் பெயர் போட ஆசை. 24 பக்கம்தான்.
– வாசகி, கொடைக்கானல்

பின் அடித்த இதழுக்கு முதுகே இல்லையே! பசை வைத்து ஒட்டும் கட்டுக்குப் போனால்தான் முதுகு வரும், அதற்கு 80 ஜிஎஸ்எம் தாளில் 64 பக்கமாவது வேண்டும். அப்போதும் 3 மி.மீ.தான், 6 பாயிண்ட் எழுத்துக்கு மேல் நிற்காது. இப்போதைக்கு அட்டையின் இடது ஓரத்தில் மடிப்பை ஒட்டி 8 மி.மீ. பட்டையில் இதழ் எண்ணைப் போடுங்கள், நான்கைந்து இதழ்களை விசிறி போல அடுக்கினால் தெரியும்.